வடிவமைப்புப் படிப்பு எதற்கு என்று தோன்றும்போது: முடிப்பதா, ஓராண்டு நிறுத்துவதா, வேலைக்குப் போவதா?

ஒவ்வோர் ஆண்டும் மே மாத விடுமுறைக்குக் காரைக்குடிப் பக்கம் ஊர் திரும்பும் வடிவமைப்பு மாணவர்களில் ஒருவரோ இருவரோ என்னைத் தேடி வந்து, ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். இந்த முறை வந்தவர் மூன்றாம் ஆண்டை முடித்திருக்கும் மாணவி. ஒரு குளிர்பானப் புட்டியின் மேலுறையை எட்டு வாரம் திரும்பத் திரும்ப வரைந்ததாகவும், ஜூரியில், அதாவது ஆசிரியர் குழுவின் முன்னால் நடக்கும் மதிப்பீட்டில், அதற்கு நல்ல மதிப்பெண் கிடைத்ததாகவும், ஊருக்கு வந்த அன்று வளவில் (முற்றத்தைச் சூழ்ந்த நடுக்கட்டில்) உட்கார்ந்திருந்த அப்பத்தா, "என்ன ஆத்தா படிக்கிறே, அது யாருக்கு உதவும்?" என்று கேட்டபோது பதிலாகத் தம்மிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை என்றும் சொன்னார். அதற்குப் பிறகு படிப்பைத் தொடர்வதா என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

அவரிடம் பேசியதையும், முன்பு வந்தவர்களிடம் பேசியதையும், அதே மூன்றாம் ஆண்டில் நான் தடுமாறியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவர்கள் முன்னால் இருக்கும் வழிகள் பெரும்பாலும் மூன்று: படிப்பை முடிப்பது, ஓராண்டு நிறுத்திவைத்து ஊரில் ஒரு பட்டறையில் வேலை கற்பது, படிப்பை விட்டுவிட்டு நேராக வேலைக்குப் போவது. கல்லூரியையோ பாடத்தையோ மாற்றுவது என்ற நான்காவது வழியும் உண்டு. அதைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும்.

## முதலில், சந்தேகம் எதன் மேல்?

"இந்தப் படிப்பு எதற்கு?" என்பது வெளிப்பார்வைக்கு ஒரே கேள்விதான். சற்று நேரம் பேசவிட்டுக் கேட்டால் அதற்குள் மூன்று வேறு கேள்விகள் இருப்பது தெரியும். ஒருவருக்குத் தொழிலின் மேலேயே சந்தேகம்: தேவையில்லாத பொருளை ஆசையோடு வாங்கவைப்பதுதான் வடிவமைப்பா என்று கேட்கிறார். இன்னொருவருக்குக் கல்லூரியின் மேல் சந்தேகம்: ஆசிரியர்கள் வருவதில்லை, பட்டறைக் கருவிகள் பூட்டிக் கிடக்கின்றன, கற்பது குறைவு என்கிறார். மூன்றாமவருக்குத் தம்மேல்தான் சந்தேகம். நகரத்துப் பள்ளிகளில் படித்து வந்த சகமாணவர்களின் ஆங்கிலத்துக்கும் மடிக்கணினிக்கும் நடுவில் தாம் தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்ற பயமும், வீட்டில் வாங்கிய கடனின் பாரமும் சேர்ந்து, அது படிப்பின் நோக்கம் பற்றிய கேள்வியைப் போல வெளிவருகிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எது தமக்குரியது என்று பிரித்துப் பார்க்காமல் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாகவே போகிறது.

முதல் வகைச் சந்தேகம் உள்ளவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958-ஆம் ஆண்டு கொடுத்த அறிக்கையின் பரிந்துரையைப் பின்பற்றித்தான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்த அறிக்கை மிகுந்த மரியாதையோடு எடுத்துப் பேசும் பொருள் நம் வீட்டுச் செம்புதான். எவ்வளவு நீர் கொள்ளும், கைக்கும் இடுப்புக்கும் எப்படிப் பொருந்தும், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எப்படி நிற்கும், எப்படி ஊற்றும், என்ன விலை ஆகும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகிறது. ஆகவே, அப்பத்தா கேட்ட கேள்வி இந்தப் படிப்புக்கு வெளியிலிருந்து வந்ததன்று. இந்த நாட்டில் வடிவமைப்புக் கல்வி தொடங்கியபோதே கேட்கப்பட்ட கேள்வி அது. அதைக் கேட்டுத் தடுமாறும் மாணவர் பாடத்தை விட்டு விலகிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. பாடத்துக்குள் அப்போதுதான் நுழைந்திருக்கிறார்.

## எடைபோடும் அளவைகள்

ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் எடைபோடுகிறேன். நான் செய்யும் தவறை எனக்குச் சுட்டிக்காட்ட அங்கே ஆள் இருக்கிறாரா? என் கை பொருளைத் தொடுமா, அல்லது திரையோடு நின்றுவிடுமா? பணமும் காலமும் எவ்வளவு போகும், கணக்கில் எழுதாத செலவு என்ன? முடிவு தவறு என்று பின்னால் தெரிந்தால் திரும்பி வரக் கதவு திறந்திருக்குமா?

"மனத்துக்குப் பிடிக்கிறதா?" என்பதை நான் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. பருவத் தேர்வு முடிந்த களைப்பில் எதுவும் பிடிக்காது. விடுமுறையில் ஊருக்கு வந்த பத்து நாளுக்கு ஊரில் எல்லாமே பிடிக்கும்.

## படிப்பை முடித்தல்

கல்லூரி கொடுப்பது மென்பொருள் அறிவு என்று எண்ணுபவர்கள் அதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மென்பொருளை வீட்டில் உட்கார்ந்து சில மாதங்களில் கற்றுவிடலாம். வேறெங்கும் எளிதில் கிடைக்காதது, வரைந்ததைச் சுவரில் ஒட்டிவிட்டு இருபது பேர் முன்னால் நின்று, "இந்தப் பிடி இடக்கைக்காரருக்கு எப்படிப் பொருந்தும்?" என்று ஒருவர் கேட்க, பதில் இல்லாமல் மறுநாள் மீண்டும் தொடங்குவது. அங்கே தவறுக்கு விலை ஒரு மதிப்பெண் மட்டுமே. வெளியே அதே தவறுக்கு யாரோ ஒருவருடைய பணம் போகும். முதல் அளவையில் நல்ல கல்லூரிக்கு இணை இல்லை.

பட்டத்தின் பயனையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். முதுநிலை வடிவமைப்புப் படிப்புக்கான சீட் (CEED) என்ற நுழைவுத்தேர்வை எழுதுவதற்குப் பள்ளிப்படிப்புக்குப் பிறகு குறைந்தது மூன்றாண்டுப் பட்டமோ பட்டயமோ முடித்திருக்க வேண்டும், அல்லது இறுதியாண்டில் இருக்கவேண்டும். கற்பிக்கும் வேலைக்குப் பட்டம் தேவை. சிங்கப்பூரில் உறவினர் இல்லாத வீடு நம் ஊர்களில் குறைவு. அங்கே வேலை அனுமதி கேட்கும்போதும் பட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

மறைந்திருக்கும் செலவு என்ன? கொடுத்த வேலையையே நான்கு ஆண்டு செய்து பழகியவருக்கு, வேலையைத் தாமே கண்டுபிடிக்கும் பார்வை மழுங்கிப்போகிறது. ஜூரிக்குப் பிடிக்கும்படி செய்யும் பழக்கம் கைக்கு வந்துவிடுகிறது. செய்த பொருள் ஒருவர் வீட்டில் மூன்று மாதம் புழங்கியபின் என்ன ஆனது என்று பார்க்கும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லவே இல்லை. காட்சிப்படுத்திய நாளோடு எல்லாம் முடிந்துவிடும்.

ஆனால் இந்தச் செலவைக் குறைக்க முடிப்பதற்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான நான்காண்டு வடிவமைப்புப் படிப்புகளில் கடைசிப் பருவம் முழுவதும் ஒரே திட்டப்பணிக்கு விடப்படுகிறது. அதை நகரத்து நிறுவனம் ஒன்றில்தான் செய்யவேண்டும் என்பது பழக்கமே தவிர, பெரும்பாலும் விதி அன்று. செட்டிநாட்டு வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், முகப்பு முதல் பின்கட்டு வரை நீளும் வீட்டில் வயதான ஓர் ஆச்சி மட்டும் இருக்கிறார். வளவின் சுற்றுத்தாழ்வாரத்திலிருந்து நடு முற்றத்துக்கு இறங்கும் படியில், மழை நாளில் வழுக்கும் கல்லில், கைபிடிக்க ஒன்றுமில்லை. கல்தூணில் துளையிடாமல், வீட்டின் முகத்தைக் கெடுக்காமல், வேண்டாதபோது எடுத்து வைக்கும்படி ஒரு கைப்பிடி செய்வது ஒரு முழுப் பருவத்துக்கான வேலை. பொருள்களின் தன்மையும் உடலியலும் மரபும் அதில் வந்துவிடும். அப்பத்தாவுக்குச் சொல்லப் பதிலும் கிடைக்கும்.

சந்தேகம் தொழிலின் மேல் இருப்பவர்கள், இரண்டு மூன்று பருவங்களே மீதம் உள்ளவர்கள், குடும்பத்தில் முதல் பட்டதாரிகள், கல்விக்கடனில் படிப்பவர்கள் ஆகியோருக்கு இந்த வழியே சிறந்தது.

## ஓராண்டு நிறுத்தி, ஊர்ப் பட்டறையில் வேலை கற்றல்

இதைப் பற்றி நீளமாகவே எழுதவேண்டும், ஏனென்றால் ஊருக்கு வரும் மாணவர்கள் மிகவும் ஆசைப்படுவது இதன்மேல்தான், நானும் ஆசைப்பட்டேன்.

மூன்றாம் ஆண்டு விடுமுறையில் ஆத்தங்குடியில் பூவேலைத் தரைக்கல் செய்யும் ஒரு பட்டறைக்குப் போனேன். கையில் ஒரு புதிய பூவேலையின் வரைபடம். திரையில் பார்க்க நான்கு கற்கள் சேருமிடத்தில் ஒரு தாமரை விரியும். அங்கிருந்த மூத்த தொழிலாளி முதலில் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணாடித் துண்டு ஒன்றைத் துடைத்து வைத்து, அதன்மேல் சட்டத்தையும் உள்ளே தகட்டால் அறை அறையாகப் பிரித்த அச்சையும் பொருத்தினார். சிறு கரண்டியால் அரக்குச் சாந்தை ஓர் அறையிலும், மஞ்சளை அடுத்த அறையிலும் ஒரு சொட்டும் எல்லை தாண்டாமல் ஊற்றினார். அச்சை மெல்ல மேலே தூக்கினார். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த தூளைத் தூவி, மேலே ஈரக் கலவையை அப்பி, மட்டம் தட்டினார். சூளை கிடையாது, காய்ந்தபின் கல் தண்ணீரில் சில நாள் ஊறி இறுகுகிறது. கண்ணாடியைத் தொட்டிருந்த முகம்தான் பளபளப்பாக வெளிவருகிறது. அதாவது, வேலை செய்பவர் தாம் செய்யும் முகத்தைச் செய்யும்போது மேலிருந்து பார்ப்பதே இல்லை.

பிறகு என் தாளை வாங்கிப் பார்த்து, தாமரை இதழின் ஓரத்தில் நான் ஓடவிட்டிருந்த இரண்டு மில்லிமீட்டர் கோட்டின்மேல் விரலை வைத்தார். "தம்பி, இதுல சாந்து எறங்காது. தகடு ரெண்டு பக்கமும் வேணும்ல, அதுக்கு எடம் எங்க?" என்றார். ஆறு பருவம் படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. கோட்டுக்கு ஓர் அகலம் உண்டு என்பது தெரியும். கோட்டைத் தாங்கும் தகட்டுக்கும் ஓர் அகலம் உண்டு என்பது அங்கேதான் தெரிந்தது. இரண்டாம் அளவையில் இந்த வழிக்கு நிகரில்லை என்று நான் சொல்வது அந்த விரலை நினைத்துத்தான்.

ஆத்தங்குடியோடு இது நின்றுவிடுவதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையின் தறியடியில், கட்டமும் கோடும் வரைவது எளிது, பாவிலும் ஊடையிலும் எண்ணிக் கோப்பது வேறு என்பது புரியும். திருமணச் சீரில் வைக்கும் பனையோலைக் கூடையான கொட்டானும் புவிசார் குறியீடு பெற்றதுதான். ஓலைக்குச் சாயம் ஏற்றி, ஈரப்பதம் பார்த்து, இரண்டு கையும் பல்லும் சேர்ந்து பின்னுவதை ஒரு வாரம் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள், பொருளுக்கும் உடலுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பிறகு வகுப்பில் வேறு விதமாகப் பேசுவார்கள்.

இனி மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருகிறேன். முதலாவது, பட்டறைக்காரரின் செலவு. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் ஒருவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் அவருடைய கற்கள் குறைகின்றன. என் தாளை அவர் பார்த்த அந்த அரைமணி நேரத்தின் நட்டம் அவருடையது என்பதை நான் பல ஆண்டுகளுக்குப் பிறகே உணர்ந்தேன். அதை இன்றும் வெட்கத்தோடுதான் நினைக்கிறேன். கற்க விரும்புபவர் அதற்கு ஈடு கொடுக்கவேண்டும்: கூலியாகவோ, அவருக்கு வேண்டிய ஒரு வேலையைச் செய்து கொடுத்தோ. வாடிக்கையாளர் எடுத்துப் புரட்டும்படி பூவேலைகளின் மாதிரி ஏடு ஒன்று தயாரித்துக் கொடுப்பதுகூட நியாயமான ஈடுதான். "கலையைக் காப்பாற்ற வந்தேன்" என்று போய் நிற்பது ஈடாகாது.

இரண்டாவது, பட்டறையில் விமர்சனம் ஒரு திசையில் மட்டுமே வரும். "இது முடியும், இது முடியாது" என்று அவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள். "இது ஏன் வேண்டும்?" என்று கேட்கும் பொறுப்பு உங்களுடையது, அதைக் கேட்க உங்களோடு வகுப்பு இராது. துணையில்லாத மாணவர்களுக்கு ஆறாம் மாதத்தில் கை தேர்ந்திருக்கும், கேள்வி தேய்ந்திருக்கும்.

மூன்றாவது, கடன். கல்விக்கடனில் பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணைக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தக் காலத்திலும் தனி வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஓராண்டு நிறுத்தினால் விலக்குக் காலம் தானாக நீளும் என்று எண்ணிவிடக்கூடாது. நிறுத்துவதற்கு முன்பே கல்லூரியின் அனுமதிக் கடிதத்தோடு வங்கிக் கிளைக்குப் போய், தவணை எப்போது தொடங்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, வீடு. ஊரில் இருக்கும் பிள்ளை சும்மா இருக்கும் பிள்ளை என்றே உறவுகள் எடுத்துக்கொள்ளும். திருப்பூட்டு (திருமண) வீட்டுக்குப் போகவும், வங்கிக்குப் போகவும், சென்னையிலிருந்து வருபவரை அழைத்து வரவும் ஆள் தேவைப்படும்போது உங்கள் பெயர்தான் முதலில் வரும். பெண்ணாக இருந்தால், "ஒரு வருசம் இங்கதானே இருக்கா" என்று வரன் பேச்சும் தொடங்கிவிடும். இதை எளிதாக எண்ணவேண்டாம். நான் அறிந்து நிறுத்தியவர்களில் திரும்பாமல் போனவர்களைத் தடுத்தது பெரும்பாலும் இதுதான்.

திரும்பும் கதவைப் பொறுத்தவரை, எத்தனை ஆண்டுக்குள் படிப்பை முடிக்கவேண்டும் என்ற உச்சவரம்பும், இருக்கை காக்கப்படுமா என்பதும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். வாய்மொழி உறுதியை நம்பக்கூடாது.

யாருக்கு இது சரி? கை பொருளைத் தொடாததால் சோர்ந்தவர்களுக்கு, கடன் இல்லாதவர்களுக்கு, எந்தப் பட்டறை, யாரிடம், எத்தனை மாதம், பதிலுக்கு என்ன தருவேன் என்று நான்கையும் முன்கூட்டியே சொல்ல முடிந்தவர்களுக்கு. "கொஞ்ச நாள் ஊரில் இருந்து யோசிக்கிறேன்" என்பவர்களுக்கு ஓராண்டு மிக நீளம். இரண்டு மாத விடுமுறையே போதும்.

## படிப்பை விட்டு வேலைக்குப் போதல்

செயலிகளின் திரைகளை வடிவமைக்கும் வேலைகளில் பட்டத்தைவிடப் போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது செய்த வேலைகளின் தொகுப்புக்கு, மதிப்பு அதிகம் என்பது உண்மை. மூன்றாம் ஆண்டு முடித்த திறமையான மாணவருக்கு வேலை கிடைக்கும், சம்பளம் வரும், வீட்டின் பாரம் குறையும். பணம்தான் உண்மையான நெருக்கடி என்றால், தந்தைக்கு உடல்நலம் இல்லை, தவணை கட்ட ஆளில்லை என்றால், இதை யாரும் குறைவாகப் பேசக்கூடாது.

இந்த வழியை ஆதரிக்கும் பெரியவர்கள் நம் ஊரில் ஒரு பழைய உதாரணத்தைக் காட்டுவார்கள்: "பெட்டியடியில இருந்து படிச்சவங்கதானே நம்ம ஆளுக?" வட்டிக்கடைகளில் பெட்டியடியில், அதாவது பணப்பெட்டிக்குப் பக்கத்தில், உட்கார்ந்து வேலை பழக இரங்கூனுக்கும் பினாங்குக்கும் போன செட்டிநாட்டுப் பையன்கள் கல்லூரியைப் பார்க்காமலே தொழில் கற்றார்கள் என்பது சரிதான். ஆனால் அந்த ஏற்பாட்டை முழுமையாகப் பார்க்கவேண்டும். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவருக்கு அடுத்தாள், மேலாள் என்று ஏறுவதற்குப் படிகள் இருந்தன. கடையிலேயே சோறு, கடையிலேயே தூக்கம், இரவில் பேரேட்டைச் சரிபார்க்கும் மேலாளின் கண்டிப்பு, மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பல் என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு இருந்தது. அவனை ஆளாக்குவது கடையின் பொறுப்பாகவும் இருந்தது. இன்று ஒரு சிறு நிறுவனத்தில் தொலைவிலிருந்து வேலை செய்யும் இருபத்தொரு வயதுக்காரரை யாரும் அப்படி வளர்ப்பதில்லை. பொத்தானின் நிறத்தை மாற்றச் சொல்வார்கள். ஏன் என்று சொல்ல நேரம் இராது. நல்ல மூத்தவர் ஒருவருக்குக் கீழே உட்கார இடம் கிடைத்தால் மட்டுமே பெட்டியடி உதாரணம் பொருந்தும்.

இரண்டாம் அளவையில் இந்த வழி மிகவும் பின்தங்கியது. கை திரையை விட்டு நகராது. தொழிலின் மேல் சந்தேகம் கொண்டு படிப்பை விட்டவருக்கோ இது ஒரு கொடுமையான திருப்பம்: எதைச் செய்யக்கூடாது என்று வெளியேறினாரோ, அதையே இன்னும் வேகமாக, இன்னும் குறைந்த கேள்விகளோடு செய்ய நேரிடும்.

விடுவதென்றே முடிவானால், வெறுங்கையோடு வெளியேற வேண்டாம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இடையில் வெளியேறுபவர்களுக்குச் சான்றிதழ், பட்டயம், மூன்றாண்டுப் பட்டம் என்ற படிநிலைகளை வகுத்திருக்கிறது. ஈட்டிய மதிப்பலகுகளை (கிரெடிட்களை) சேமித்து வைக்கும் ஏற்பாடும் அதன்கீழ் வந்தது. உங்கள் கல்லூரி இதை நடைமுறைப்படுத்துகிறதா, எந்தப் பருவத்தின் முடிவில் என்ன கிடைக்கும் என்று பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு பருவம் பொறுத்தால் ஒரு பட்டயம் கிடைக்கும் என்றால், அந்த ஒரு பருவத்தைப் பொறுப்பது நல்லது.

## கல்லூரியை மாற்றுதல்

சந்தேகம் கல்லூரியின் மேல் மட்டும்தான் என்றால் இதையும் எண்ணலாம். நெசவில் மனம் போனவர்களுக்கு 1960 முதல் சேலத்தில் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும், வரைதலிலும் சிற்பத்திலும் மனம் போனவர்களுக்கு 1850-இல் தோன்றிய சென்னை எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் முதலாண்டிலிருந்தே தொடங்க நேரிடும். முதலாண்டில் இருப்பவருக்கு இது நல்ல வழி. மூன்றாம் ஆண்டு முடித்தவருக்கு, இருப்பதை முடித்துவிட்டு மேற்படிப்புக்கு மாறுவதே செலவு குறைவு.

## அந்த மாணவிக்குச் சொன்னது

அவருடைய சந்தேகம் தொழிலின் மேல். கல்லூரியின் மேல் குறையில்லை. கடன் இருக்கிறது, தந்தை கையெழுத்திட்டிருக்கிறார். மீதம் இரண்டு பருவம். இவற்றை வைத்துப் பார்த்தபோது ஓராண்டு நிறுத்த வேண்டாம், முடியுங்கள் என்றேன். அவர் முகம் சற்று வாடியது. ஊரில் தங்குவதைத்தான் அவர் எதிர்பார்த்து வந்திருந்தார்.

ஆகவே விடுமுறையில் மீதமிருக்கும் ஐந்து வாரத்தையும் கணக்கிட்டோம். மூன்று வாரம் கொட்டான் பின்னும் ஓர் ஆச்சியோடு இருப்பது, பதிலுக்கு அவர் பின்னும் அளவுகளுக்கேற்ற அட்டைப்பெட்டிகளை வரைந்து கொடுப்பது. கொட்டான் நசுங்காமல் சென்னைக்குப் போவதுதான் அவருக்குப் பெரிய பாடாக இருக்கிறது என்று அந்த ஆச்சியே முன்பு சொல்லியிருந்தார். மீதி இரண்டு வாரத்தில் வளவுப் படியை அளந்து, அப்பத்தா ஒரு நாளைக்கு எத்தனை முறை இறங்கி ஏறுகிறார், எந்தத் தூணைப் பிடிக்கிறார், எந்தக் கை என்று குறித்துக்கொண்டு, கடைசிப் பருவத் திட்டப்பணிக்கு முன்மொழிவாக எழுதுவது. வழிகாட்டும் ஆசிரியர் வெளியூர்த் திட்டப்பணிக்கு ஒப்புவாரா என்று அன்று மாலையே கடிதம் அனுப்பினார். மறுநாள் காலை அளவுநாடாவை வாங்கிக்கொண்டு போனவர், முதல் படியின் உயரம் பத்தரை அங்குலம் என்று மதியம் தகவல் அனுப்பியிருந்தார்.